கவுதாரிக்குக் கடல் அகலம்

மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறையிலிருந்து அரிப்புப் பக்கம் போகும் வீதியில், மின்கம்பியில் ஒரு சாம்பல்நிறப் புறா உட்கார்ந்திருந்தால் ஊர்க்காரர் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கொழும்பிலிருந்து வரும் பறவை ஆர்வலர்களோ வாகனத்தை ஓரங்கட்டி, முக்காலியை விரித்து, அதைப் படமெடுத்த பிறகுதான் நகர்வார்கள். பிடரியில் மட்டும் பாதி வளையமாக ஒரு கறுப்புக் கோடு, அதன் ஓரத்தில் மெல்லிய வெள்ளை, இரத்தச் சிவப்பில் கண், இளஞ்சிவப்புப் பூசிய சாம்பல் மார்பு. மூன்று சீராகக் கூவும். நடுச்சீர் மட்டும் நீண்டு இழுபடும். இதுதான் கள்ளிப்புறா. கண்டியிலோ காலியிலோ இரத்தினபுரியிலோ பிறந்து வளர்ந்த ஒருவர் கழுத்தில் புள்ளி போட்ட மணிப்புறாவை நாள்தோறும் பார்த்திருப்பார். கள்ளிப்புறாவைப் பார்க்க அவர் இந்தக் கரைக்குத்தான் வர வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மன்னார் வழியாகப் புத்தளத்தை அண்டிய பகுதி வரை நீளும் ஒரு வறண்ட கரைத்துண்டு. இலங்கையில் கள்ளிப்புறாவுக்கு உரிய நிலம் ஏறக்குறைய அவ்வளவுதான். கவுதாரியும் அப்படியே. வயல் வரம்பில் நின்று வாலை ஆட்டும் கரிக்குருவியும் பெரும்பாலும் இந்த உலர்ந்த வடபுலத்துக்குரியது. தீவின் மற்றப் பகுதிகளில் அதன் இடத்தை வெள்ளை வயிற்றுக் கரிச்சான் பிடித்துக்கொள்கிறது. இந்த மூன்றும் பாக்குநீரிணைக்கு அப்பால் இராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலும் வீட்டு முற்றத்துப் பறவைகள். அங்கே சாதாரணம், இங்கே ஒரு கரைத்துண்டுக்குள் அடக்கம். சிலாவத்துறையில் நின்றால் இரண்டும் ஒரே கணத்தில் உண்மையாகத் தெரியும்.

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 1964 முதல் பேணிவரும் சிவப்புப் பட்டியலில் இந்த மூன்று பறவைகளுக்கும் ஒரே தகுதிதான்: கவலை குறைந்த இனம். ஆபத்துக்குள்ளான இனம் என்று ஒன்றைச் சொல்ல அந்தப் பட்டியலுக்குத் தெளிவான அளவுகோல்கள் உண்டு. பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இவற்றில் எது நீளமோ அதில், எண்ணிக்கை 30 விழுக்காடு சரிந்திருக்க வேண்டும். அல்லது இனம் பரவியுள்ள பரப்பு 20,000 சதுர கிலோமீற்றருக்குக் கீழே சுருங்கி, வேறு சில அறிகுறிகளும் சேர்ந்திருக்க வேண்டும். அல்லது முதிர்ந்த பறவைகள் 10,000க்குக் கீழே போய், இன்னும் குறைந்துகொண்டிருக்க வேண்டும். துருக்கியிலிருந்து சீனா வரை கிடக்கும் ஒரு புறாவுக்கும், ஈரானிலிருந்து தென்னிந்தியா வரை ஓடித்திரியும் ஒரு கவுதாரிக்கும் இந்த அளவுகோல்கள் எவையும் பொருந்தா. உலகக் கணக்கில் அந்தத் தீர்ப்பு சரியானதே. என் குறை அதன் மேல் இல்லை. மன்னாரில் காணி துப்புரவாக்குபவரும், திட்ட அறிக்கை எழுதுபவரும், பாடசாலையில் சூழல் பாடம் நடத்துபவரும் உலகத்துக்குச் சொன்ன தீர்ப்பை இந்தக் கரைக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கள்ளிப்புறாவையும் கவுதாரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு எவ்வளவை மறைக்கிறது என்பது விளங்கும்.

முதலில் புறாவின் கதை. பறவையியலில் இதைப் போன்ற பரவல் மிகக் குறைவு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கள்ளிப்புறா துருக்கியையும் பால்கன் நாடுகளையும் தாண்டியிருக்கவில்லை. 1930கள் தொடங்கி அது வடமேற்காக நகர்ந்தது. 1955இல் இங்கிலாந்தின் நோர்ஃபோக்கில் முதல் கூடு. பிறகு சில பத்தாண்டுகளுக்குள் பிரித்தானியத் தீவுகள் எங்கும் அது சாதாரணப் பறவையாயிற்று. 1974இல் பஹாமாத் தீவுகளின் நசாவுவில் கூண்டிலிருந்து தப்பிய ஒரு சிறு கூட்டம் ஃபுளோரிடாவை எட்டியது. அங்கிருந்து வட அமெரிக்காவின் பெரும்பகுதியை அதன் வழித்தோன்றல்கள் நிரப்பிவிட்டன. நம் ஊர் மின்கம்பியில் இருக்கும் அதே இனம்தான்.

எப்படி முடிந்தது? புறாக்கள் குஞ்சுக்குப் பூச்சி தேடி அலைவதில்லை. தாயும் தந்தையும் தீனிப்பையின் உட்சுவரில் ஊறும் தயிர் போன்ற பொருளைக் கக்கி ஊட்டும். புறாப்பால் என்பது இதைத்தான். தானியம் கிடைக்கும்வரை பால் ஊறும். பால் ஊறும்வரை குஞ்சு வளரும். ஆகவே பூச்சி மலியும் பருவத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சுள்ளிகளை ஏனோதானோவென்று அடுக்கிய கூட்டில் இரண்டு வெள்ளை முட்டைகள். இரண்டு வாரம் கடந்து பொரிக்கும். இன்னும் இரண்டரை வாரத்தில் குஞ்சு பறக்கும். தாய் உடனே அடுத்த ஈட்டுக்குத் தயாராகும். மனிதர் தானியம் சிந்துகிற இடமெல்லாம் அதற்கு வீடு. வளர்ந்த குஞ்சுகளில் சில, பிறந்த இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளிப் போய்க் குடியேறும் என்பதை ஐரோப்பாவில் கால்வளையம் இட்டு நடத்திய ஆய்வுகள் காட்டின.

சிலாவத்துறையை உள்ளடக்கிய முசலிப் பகுதியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அகத்திமுறிப்புக் குளத்தின் தண்ணீரில் விளைந்த காலபோக நெல்லை மாசி, பங்குனியில் அறுத்து, வீதியோரம் படங்கு விரித்துக் காயப்போடுவார்கள். வெயில் ஏறியதும் புறாக்கள் இறங்கும். மணிப்புறாவும் கள்ளிப்புறாவும் கலந்து பொறுக்கும். மாட்டுப்பட்டிப் பக்கம் தவிடு சிந்திய இடத்திலும் அப்படியே. தண்ணீர்த் தொட்டிக்கு வந்தால் கோழியைப் போலத் தலையைத் தூக்கித் தூக்கி விழுங்காமல், அலகைத் தண்ணீருக்குள் வைத்தபடி உறிஞ்சும். உலர்ந்த தானியமே உணவாக இருப்பதால் அடிக்கடி குடித்தாக வேண்டும். கிணற்றடியும் மாட்டுத்தொட்டியும் இல்லாத வறண்ட கரையில் இவ்வளவு புறா இருக்காது.

அப்படியானால் ஐரோப்பாவையே நிரப்பிய பறவை இலங்கையில் ஏன் புத்தளத்தோடு நின்றுவிட்டது? மழையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பிரித்தானியாவிலும் மழைக்குக் குறைவில்லை. எனக்குத் தோன்றுவது இது: இந்தப் புறாவுக்கு வேண்டியது திறந்த வெளி, அங்கங்கே ஒற்றை மரம், நிலத்தில் தானியம். தெற்கே போகப் போகத் தோட்டங்கள் அடர்கின்றன. மா, பலா, தென்னை, கமுகு என்று நிழல் மூடுகிறது. அந்த நிழலை மணிப்புறா முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. மன்னார்க் கரையோ தென்கிழக்குத் தமிழ்நாட்டுக் கரையின் மறுபாதி. அதே வடகீழ்ப் பருவமழை, அதே நீண்ட கோடை, அதே சோளகக் காற்று, அதே பனையும் உடைமரமும். குடை விரித்தாற்போல் நிற்கும் அந்த உடைமரம் உலகிலேயே தென்னிந்தியாவிலும் இங்கேயும்தான் இயற்கையாக வளர்கிறது. சலாபக் காலங்களில் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் முத்துக்குளிக்க வந்தவர்கள் இந்தக் கரையில் இறங்கியபோது அவர்களுக்கு இது அந்நிய நிலமாகத் தெரிந்திருக்காது.

இனிக் கவுதாரி. புதுச்சேரிப் பறவையை வைத்து 1789இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார் ஜெர்மானிய இயற்கையியலாளர் க்மெலின். பூநகரிக்கு மேற்கே கவுதாரிமுனை என்று ஓர் ஊரே இருக்கிறது. கோழிக்குஞ்சை விடப் பெரிது, கோழியை விடச் சிறிது. உடல் முழுவதும் மண்நிறத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள். தொண்டை மட்டும் வெளிறி, கரிய நூல் கட்டியது போல ஓரம். சேவலின் காலில் கூரிய முள். விடியப்புறத்தில் சேவல் கத்தத் தொடங்கினால் அடுத்த பற்றையிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். அதற்கு அப்பாலிருந்து மூன்றாவது. ஆளைவிடக் குரல் பெரிது. பார்க்கத்தான் கிடைக்காது.

பாதை ஓரத்தில் ஒரு சோடியைக் கண்டு நான் சற்று நெருங்கியபோது அவை பறக்கவில்லை. கழுத்தை நீட்டி, உடலைத் தாழ்த்தி, காலே தெரியாத வேகத்தில் ஓடி முள்ளுக்குள் நுழைந்துவிட்டன. “அது செட்டையைக் கடைசிக்குத்தான் வச்சிருக்கு, தம்பி” என்றார் அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நானா ஒருவர். இதைவிடச் சரியாக ஒரு பறவையியல் நூலும் சொல்லாது. ஓட வழியில்லாதபோது மட்டும் படாரென்று எழும்பும். வாலின் செந்நிறம் ஒரு கணம் தெரியும். கொஞ்சத் தூரம் தாழப் பறந்து அடுத்த பற்றைக்குள் விழும். நெஞ்சுத் தசை குறுகிய பாய்ச்சலுக்கானது, நெடும்பயணத்துக்கானதல்ல.

குஞ்சு வளரும் விதமும் புறாவுக்கு நேர்மாறு. பற்றையடியில் நிலத்தைக் கீறி, ஆறு முதல் எட்டு முட்டை. பொரித்த குஞ்சுகள் உடனேயே கூட்டை விட்டுத் தாயின் பின்னால் ஓடும். ஊட்டிவிட யாருமில்லை, கறையானையும் எறும்பையும் சிறு வண்டையும் தாமே கொத்தித் தின்ன வேண்டும். தானியம் பின்னால்தான். ஆகவே சிந்திய நெல் கவுதாரியைக் காப்பாற்றாது. புல்லும் சருகும் பூச்சியும் உள்ள நிலம் வேண்டும். அதிலிருந்து ஓடி ஒளியும் தூரத்தில் முட்பற்றை வேண்டும். இரவு ஏறித் தங்க முள்மரம் வேண்டும். மூன்றும் அடுத்தடுத்து இருக்க வேண்டும்.

இப்போது கடலுக்கு வருவோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர், நடுவே மணல் தீடைகள். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே டோவர் நீரிணையின் மிகக் குறுகிய அகலம் 33 கிலோமீற்றர். அங்கே கடல் தாண்டி நோர்ஃபோக் போன புறாவுக்கு நம் நீரிணை ஒரு தடையே அல்ல. கவுதாரிக்கோ அது முடிவற்ற கடல். பிறகு எப்படி இங்கே வந்தது? பெரும்பாலும் நடந்துதான். கடைசிப் பனியூழி உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை மிக ஆழம் குறைந்தது. அப்போது அது உலர்ந்த நிலம். பனி உருகிக் கடல் ஏறி, இரு கரைகளும் பிரிந்து இன்றைக்கு ஏறத்தாழ 7,000 ஆண்டுகள். அதற்குள் கரிக்குருவி இலங்கையில் அளவில் சற்றுச் சிறிய தனி உள்ளினமாகவே ஆகிவிட்டது. கவுதாரி தென்னிந்திய உள்ளினமாகவே இன்னும் இருக்கிறது. ஆனாலும் கரை பிரிந்தபோது இந்தப் பக்கம் நின்றவற்றின் சந்ததிதான் இன்று சிலாவத்துறைப் பற்றைகளில் கத்துகிறது.

நாட்டளவில் ஓர் இனத்தின் ஆபத்தை மதிப்பிட அதே சர்வதேச ஒன்றியம் தனி வழிகாட்டி ஒன்றை வைத்திருக்கிறது. முதலில் நாட்டுக்குள் இருக்கும் எண்ணிக்கையையும் பரப்பையும் மட்டும் வைத்துப் படியைத் தீர்மானிக்க வேண்டும். அடுத்து ஒரு கேள்வி: எல்லைக்கு அப்பாலிருந்து அதே இனம் வந்து சேர்ந்து, இங்கே அழிந்த இடத்தை நிரப்பக்கூடுமா? கூடுமானால் ஆபத்துப் படியை ஒன்று இறக்கலாம். கூடாதெனில் இறக்கக் கூடாது. இந்த ஒரு கேள்வியில் புறாவும் கவுதாரியும் பிரிந்துவிடுகின்றன. மன்னாரில் கள்ளிப்புறா முற்றாக அற்றுப்போனாலும், இராமேசுவரத்திலிருந்து ஒரு சோடி காற்றோடு வந்து மீண்டும் தொடங்கக்கூடும். கவுதாரி போனால் போனதுதான். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தாலும் ஒன்றுகூட இங்கே வராது. உலகப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்தக் கரையில் இரண்டுக்கும் ஒரே விதி இல்லை. கவுதாரி இங்கே மேலதிகக் கவனத்துக்குரிய பறவை என்று நான் சொல்வது இதனால்தான், அது அரிது என்பதால் அல்ல.

கவனம் எங்கே போகிறது? மன்னாரின் பறவைகள் பற்றிய பேச்சு பெரும்பாலும் வலசைப் பறவைகளைப் பற்றியது. 2008இல் சரணாலயமாகி 2010இல் ராம்சார் தகுதி பெற்ற வங்காலை ஈரநிலம், அங்கே வந்திறங்கும் பூநாரைகள், வாத்துக் கூட்டங்கள். 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி இயங்கத் தொடங்கியபோதும், அடுத்த காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியபோதும் மக்கள் எழுப்பிய வாதங்களில் மத்திய ஆசிய வலசைப் பாதைக்கு முக்கிய இடம் இருந்தது. அந்த வாதங்கள் நியாயமானவை. ஆனால் காற்றாலைச் சிறகின் உயரத்துக்குக் கவுதாரி போகாது. அதைக் கொல்வது நிலத்தில் நடப்பது.

முசலியின் நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் இங்கே பற்றையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்தப் பக்கத்து ஊர்கள் வெறுமையாயின. மக்கள் புத்தளத்து முகாம்களில் இரு பத்தாண்டுகள் கிடந்தார்கள். 2007இல் சிலாவத்துறையை அரச படைகள் பிடித்தபோது முள்ளிக்குளம் போன்ற ஊர்களின் தமிழரும் பெயர்ந்தார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் தம் வளவைத் தேடியபோது கிணற்றுக்கட்டும் அத்திவாரமும் பற்றைக்குள் இருந்தன. மனிதர் இல்லாத காலத்தில் நிலம் பறவைக்குப் போயிருந்தது. இதற்கிடையில் தெற்கே மறிச்சுக்கட்டிப் பக்கத்து நிலங்கள் ஒதுக்குக்காடுகளாக வர்த்தமானியில் வந்தன. 2017இல் அவை மாவில்லு பேணற்காடாக ஒன்றாக்கப்பட்டன. வில்பத்து அழிகிறது என்று ஒரு பக்கமும், எங்கள் பூர்வீகக் காணி என்று மறுபக்கமும் வாதம் நீண்டது.

அந்த வாதத்தில் கவுதாரிக்கு இடமே இல்லை. ஏனென்றால் அது அடர்காட்டுப் பறவை அல்ல. வேலிக்கும் வயலுக்கும், தரவைக்கும் வடலிக்கும் நடுவில் கிடக்கும் நிலத்துப் பறவை. மக்கள் திரும்பி வந்து வயல் செய்வதாலேயே அது அழிய வேண்டியதில்லை. கறையான் புற்றும் தரிசு நிலமும் ஆட்டுப்பட்டியும் உள்ள ஊரில்தான் அது தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. அழிவு வருவது, இயந்திரம் கொண்டு ஒரு காணியை மூலைக்கு மூலை வழித்து, கம்பிவேலி போட்டு, ஒரு முட்செடியும் இல்லாமல் ஆக்கும்போது. பூச்சிக்கொல்லி அடித்த வரம்பில் குஞ்சுக்கு இரை இல்லாதபோது. முட்டையிடும் மாதங்களில், அதாவது சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, நாய்கள் பற்றைக்குள் அவிழ்த்துவிடப்படும்போது. கண்ணியும் வலையும் இன்னும் ஓயவில்லை. கூண்டில் வளர்த்த கவுதாரியைக் கத்தவிட்டு, சண்டைக்கு ஓடிவரும் காட்டுக் கவுதாரிச் சேவலைப் பிடிப்பது துணைக்கண்டம் முழுவதும் தெரிந்த வித்தை. தன் நிலத்தைக் காக்க வரும் சேவலே அதில் முதலில் போகிறது.

சீமைக்கருவேல் இன்னொரு சிக்கல். மன்னார்க் கரையில் அது பரவிய இடங்களில் கவுதாரி இரவில் ஏறித் தங்கலாம். ஆனால் அது அடர்ந்து மூடிய இடத்தில் கீழே புல் இராது. புல் இல்லாத இடத்தில் குஞ்சுக்கு இரையும் இராது. தொலைவிலிருந்து பார்த்தால் பச்சை, பறவைக்குப் பாதி வீடு. அதை அகற்றும்போது உடையையும் சேர்த்து வெட்டிவிடாமல் ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முள் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய.

எண்ணிக்கை தெரியாமல் எதையும் காப்பது கடினம். கவுதாரியைக் கண்ணால் எண்ண முடியாது, காதால் எண்ணலாம். ஒரு பாடசாலையின் உயர்தர மாணவர்கள் சித்திரை மாத விடியலில், அரிப்பிலிருந்து கொண்டச்சி வரை வீதியோரமாக ஒரு கிலோமீற்றருக்கு ஓரிடமாக நின்று, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் எத்தனை சேவல் எத்திசையில் கத்துகிறது என்று குறித்தால் போதும். குரல் அவ்வளவு தெளிவானது. கருவி எதுவும் வேண்டாம். அடுத்த ஆண்டும் அதே இடங்கள், அதே மாதம், அதே நேரம். இணையத்தில் பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் தளங்களில் இந்தக் கரையைப் பற்றி இருப்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து போகிறவர்கள் இட்டவை. அவர்கள் வருவது பூநாரை இருக்கும் மாரிகாலத்தில். கவுதாரி கத்தும் கோடையில் இங்கே இருப்பவர்கள் ஊர்க்காரர் மட்டுமே. நாட்டளவிலான சிவப்புப் பட்டியல் அடுத்த முறை திருத்தப்படும்போது அந்தக் கணக்கு கையில் இருந்தால் மன்னாரின் கவுதாரிக்கு ஊகத்தை வைத்துத் தகுதி கொடுக்க வேண்டி வராது.

வேலியைப் பற்றி ஒரு சொல். காணி துப்புரவாக்கும் எவரும் எல்லையோரம் மூன்று முழ அகலத்துக்குப் பழைய பற்றையை விட்டுவைத்தால், அடுத்த காணிக்காரரும் அப்படியே விட்டால், இரண்டும் சேர்ந்து ஓர் ஓடுபாதை ஆகும். ஆடு நுழையாது, காற்று மண்ணைத் தூக்காது. சோளகம் வீசும் மாதங்களில் மணல் வந்து வரம்பை மூடும் இந்தக் கரையில் அதன் பயன் கமக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பிவேலி போட நினைப்பவர்கள் கம்பியைப் பற்றைக்கு உள்பக்கமாக இழுத்தால் இரண்டும் நிற்கும்.